வினாத்தாளும் வினைத்திறனும்

நம் கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் அன்போடு பணித்தனர். தமிழாசிரியர் எழுதுவதெனின் அது சங்கச் செய்யுள்களைப் பற்றியதாகவோ சைவத் திருமுறைகளைப் பற்றியதாகவோ இருக்குமென்றே அன்பர் பலர் எதிர்பார்ப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்விரண்டும் அன்று. மரவேலை, மின்வேலை, கட்டடவேலை, பொறிவேலை ஆகிய தொழிற்றிறன்களைப் பல்தேர்வு வினாக்களால் நீதியாக அளப்பது எங்ஙனம் என்பதே எமது பொருள்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என வினவுவார்க்கு விடை எளிது. தொழினுட்பப் பாடங் கற்பிக்கும் எம் நண்பர்கள் தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் ஆக்கும்போதெல்லாம், அச்சுக்குக் கொடுக்குமுன், “தமிழை ஒருமுறை பார்த்துத் தாருங்கள்” என்று எம்மிடந் தருவது வழக்கம். சந்தியும் எழுத்தும் திருத்தவென்று தொடங்கிய அப்பணி எம்மை வேறோரிடத்துக்கு இட்டுச் சென்றது. தராசின் ஒரு தட்டிலே சிறு கல்லொன்று ஒட்டியிருப்பின், நிறுப்பவன் எத்துணை நேர்மையுடையவனாயினும் நிறை பிழைக்கும். வினாவின் மொழியிலும் அமைப்பிலும் ஒட்டியிருக்கும் சிறு குறையும் அத்தகையதே. அது மாணாக்கனின் திறனை அளவாது. வேறெதனையோ அளந்துவிட்டு, அதன்மேல் திறன் என்று பெயரெழுதிவிடும்.

பல்தேர்வு வினா நீதியின் பொருட்டே பிறந்தது என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் தகும். அமெரிக்க நாட்டிலே பிரெடெரிக் கெலி என்னுங் கல்வியாளர் 1915-ஆம் ஆண்டளவில் மௌன வாசிப்புச் சோதனையொன்றை ஆக்கினார். ஒரே விடைக்கு ஓராசிரியர் மிகுதியாகவும் மற்றோராசிரியர் குறைவாகவும் புள்ளியிடும் வேறுபாட்டை ஒழித்தலே அவர் நோக்கம். 1917-இல் அந்நாடு போரிற் புகுந்தபோது, படையிற் சேர்ந்தோருள் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். ஆங்கிலம் வாசிக்க அறியாதார்க்குப் படங்களைக் கொண்ட வேறொரு சோதனை ஆக்கப்பட்டது.

அப்படையினரே தச்சர், பொறிவினைஞர், மின்வினைஞர் முதலியோரைத் தெரிதற்கெனத் தொழிற் சோதனைகளையும் வகுத்தனர். அவை வாய்மொழி வினா, பட வினா, செய்கைச் சோதனை என மூவகைப்பட்டன. தொழிலறியாதான், பயிலுவோன், தேர்ந்தவன், வல்லவன் என நான்கு படிகளிலே மாந்தரை வைத்து நோக்கினர். அவர்கள் கைக்கொண்ட நெறியொன்று இன்றும் போற்றத்தக்கது. வினாவை முதலில் உண்மையான தொழிலாளரிடமும் தொழிலறியாதாரிடமுங் கொடுத்துப் பார்த்தனர். அவ்விரு சாராரையும் பிரித்துக் காட்டாத வினா எத்துணை அழகியதாயினும் கழிக்கப்பட்டது. நீதியான வினாவின் இலக்கணம் முழுவதும் இதனுள் அடங்கும். திறனுடையான் தன் திறனாலேயே சரியான விடையை அடைதல் வேண்டும். திறனில்லாதான் திறனின்மையாலேயே அதனைத் தவறவிடுதல் வேண்டும். இடையிலே வேறெதுவும் புகலாகாது.

நம் நாட்டிலே இவ்வினாக்களுக்குள்ள ஆற்றலை நாம் யாவரும் அறிவோம். சாதாரண தரத்திற் பல பாடங்களின் முதற் பகுதி, நான்கு விடைகள் கொண்ட 40 வினாக்களாலானது. உயர்தரத்தில் ஐந்து விடைகள் கொண்ட 50 வினாக்கள் வருவன. 2013-இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டு, 2015-இல் அதன் முதற் பரீட்சை நடைபெற்றது. கையால் வினை செய்யும் பிள்ளைகட்கும் பல்கலைக்கழக வாயில் திறந்தமை மகிழ்ச்சிக்குரியது. அவ்வாயிலுக்குச் செல்லும் வழியிலே வினாத்தாள் நிற்கின்றது. ஆகவே, அது யாரை உள்ளே விடுகின்றது, யாரை வெளியே நிறுத்துகின்றது என்பது நமக்கெல்லாம் பொறுப்பான செய்தியாகும்.

இங்கு எம் அநுபவத்தில் ஒன்றைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பிலே மாணவனொருவன் இருந்தான். அவன் தந்தையார் தோட்டங்களில் நீரிறைக்கும் மோட்டர்களைத் திருத்துபவர். பையனும் சிறு வயதிலிருந்தே கூடச் சென்று பழகியவன். மோட்டர் முனகுகின்றது, ஆயின் சுழலவில்லை என்று சொன்னாற் போதும். கொள்ளளவி பழுதாயிருக்கலாம் என்று நின்ற நிலையிலேயே சொல்லுவான். வெளியிடத்திலிருந்து வந்த மாதிரி வினாத்தாளொன்றிலே அப்பொருள் பற்றிய வினா இருந்தது. “மோட்டர் இயங்காமைக்குக் காரணமாக அமையாதது அல்லாதது எது?” என்பது அதன் வாசகம். பையன் பிழையான விடையையே தெரிந்திருந்தான். அவ்வினாத்தாளை எம்மிடங் கொணர்ந்து, “ஐயா, மோட்டரைப் பற்றிக் கேட்டிருந்தாற் செய்திருப்பேன், இதிலே தமிழையல்லவா கேட்டிருக்கிறார்கள்” என்றான்.

எமக்கு நகையும் வந்தது, வருத்தமும் வந்தது. அவ்வினாவிலே சரியான விடை தெரிந்திருந்த மற்றொரு மாணவனை அழைத்துக் கொள்ளளவி எதுவென்று காட்டச் சொன்னோம். அவன் மோட்டரின் இரும்பு உறையைக் காட்டினான். அவன் செய்தது குற்றமன்று. எதிர்மறைகளை அவிழ்க்கும் வித்தை அவனுக்குக் கைவந்திருந்தது. வினாவும் அதனையே கேட்டது. ஆயின் புள்ளிப் பட்டியலிலே அவன் மோட்டரறிந்தவனாகவும் முன்னவன் அறியாதவனாகவும் எழுதப்பட்டனர்.

இத்தகைய தீங்கைத் தவிர்க்கும் வழி யாது? மேனாட்டார் வினாவாக்கத்திற்கு விதிகள் பல வகுத்துள்ளனர். அவற்றைப் படித்தபோது எமக்கு நன்னூலே நினைவுக்கு வந்தது. பவணந்தியார் வினாவை ஆறு வகையாகப் பகுத்து, விடையறிந்த ஆசிரியன் மாணாக்கனது அறிவை நோக்கிக் கேட்பதை அறிவினா என்றார். பரீட்சை வினா இவ்வினமே. நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களையும் அவர் எடுத்துரைத்தார். ஒரு வினாவும் சிறு நூலேயாகலின், அக்குற்றங்களுட் சிலவற்றை வினாவின்மேல் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது குன்றக் கூறல். “வீட்டு மின்சுற்றுக்கு ஏற்ற கம்பி எது?” என்பது ஒரு வினா. விளக்குச் சுற்றுக்கா, மின்னடுப்புச் சுற்றுக்கா என்று அது கூறவில்லை. இரண்டிற்கும் வேண்டிய கம்பியின் பருமன் ஒன்றன்று. தொழிலறிந்தவன் “எச்சுற்றுக்கு?” என்று தயங்கி நிற்பான். அறியாதவனோ குறிப்பேட்டிலே கண்ட எண்ணைத் தயக்கமின்றிக் குறித்துவிட்டு மேலே செல்வான். குன்றக் கூறிய வினா அறிவு மிகுந்தவனையே தண்டிக்கின்றது. விடைகளை மறைத்துவிட்டு வினாவை மட்டும் வல்லுநர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுக. அவர் தாமாகவே விடை கூற வல்லராயின் வினா நிறைவுடையது. “அது இடத்தைப் பொறுத்தது” என்பராயின் குறையுடையது.

இரண்டாவது மிகைபடக் கூறல். வினாவாசிரியர் சரியான விடையிலே பிழை நேரக்கூடாதென்று கருதி, நிபந்தனைகளெல்லாஞ் சேர்த்து அதனை நீட்டி எழுதுவர். பிழையான விடைகளையோ இரண்டு சொல்லில் முடிப்பர். பாடம் படியாத மாணாக்கனும் மிக நீண்டதைத் தெரிந்து புள்ளி பெறுவான். இஃதன்றி, வினாவின் முன்னே வேண்டாத கதையைச் சேர்த்தலும் மிகையே. 40 வினாக்களுக்கு ஒரு மணித்தியாலமெனின், ஒன்றற்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். அவ்வொன்றரை நிமிடமும் வாசிப்பிலே கழிந்தால் திறனைக் காட்ட நேரமேது?

மூன்றாவது கூறியது கூறல். “சுற்று முறிந்துள்ளது” என்று ஒரு விடையும் “சுற்று தொடர்பற்றுள்ளது” என்று மற்றொரு விடையும் இருப்பின், இரண்டும் ஒரு பொருளனவே. இரண்டுஞ் சரியாயிருத்தல் இயலாதாகையால் இரண்டும் பிழையென்று கூரிய மாணாக்கன் உய்த்துணர்வான். நான்காவது மாறுகொளக் கூறல். “மின்னோட்டம் கூடும்”, “மின்னோட்டம் குறையும்” என்னும் இரண்டும் நால்வகை விடைகளுள் நிற்க, ஏனைய இரண்டும் தொடர்பற்றனவாயிருப்பின், விடை முதலிரண்டனுள் ஒன்றே என்பது வெளிப்படை. நான்கு விடையுள்ள வினா இரண்டு விடையுள்ளதாய்ச் சுருங்கிவிடும்.

ஐந்தாவது மயங்க வைத்தல். முன்னர்க் கூறிய இரட்டை எதிர்மறை இதன்பாற்படும். எதிர்மறை வினா இன்றியமையாததெனின், ‘அல்லாதது’ என்னுஞ் சொல்லைத் தடித்த எழுத்திலே அச்சிட்டு, அதன் கீழே கோடுமிடுக. விடைகளிலே மீண்டும் எதிர்மறை வரலாகாது. கலைச்சொல்லும் மயக்கந் தருவதுண்டு. பாடநூல் ‘உருகி’ என்னும். வீட்டிலும் வேலைத்தலத்திலும் ‘பியூஸ்’ என்பர். பாடநூல் ‘ஆளி’ என்னும். ஊரார் ‘சுவிச்’ என்பர். கலைச்சொல்லைக் கற்பித்தல் வேண்டும். அதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், பழுது காணும் திறனை அளக்கும் வினாவிலே சொல்லறிவைத் தடையாக நிறுத்தல் முறையன்று. வழக்குச் சொல்லை அருகே தருக. அன்றேல் படத்தை வரைந்து அம்புக்குறியிடுக. கலைச்சொல்லை அளத்தல் வேண்டின், அதற்கெனத் தனிவினா கேட்கலாம்.

தமிழிலக்கணத்தால் நேருங் கசிவுகளுஞ் சில உண்டு. “மின்னோட்டத்தை அளக்க உதவுவது ஓர் ——” என்று வினா முடிகின்றது. விடைகள் வோல்ற்றுமானி, அம்பியர்மானி, வெப்பமானி, பாரமானி என்பன. ‘ஓர்’ என்பது உயிர்முதன் மொழிக்கு முன்னரே வருமென்று படித்த பிள்ளை, மின்னியலை முற்றும் அறியாதிருந்தும் அம்பியர்மானியைத் தெரிந்துவிடும். அப்புள்ளி தமிழிலக்கணத்துக்கு உரியது, மின்னியலுக்கு உரியதன்று. “எனப்படுவன” என்று பன்மையில் முடிந்த வினாவிற்கு விடைகளுள் ஒன்றே பன்மையாயிருப்பின் அதுவுங் கசிவே. வல்லெழுத்து மிகுந்து நிற்கும் கோடிட்ட இடமும் அத்தகையது. இவற்றைக் காண்பது தமிழாசிரியரின் கடமை. வினாவைக் கோடிட்ட இடமாக விடாது முழு வாக்கியமாக முடித்தல் இவற்றிற்கெல்லாம் எளிய மருந்து.

இனி, பிழையான விடைகளை ஆக்கும் முறையைக் காண்போம். வினாவாக்கத்திலே அரியது இதுவே. சரியான விடை ஒன்றே. அதனை எவரும் எழுதலாம். பிழையான விடை ஒவ்வொன்றும், பயிலுவோன் உண்மையிலே செய்யும் பிழையிலிருந்து பிறத்தல் வேண்டும். வேணியர் இடுக்கிமானியின் படமொன்று தரப்படுகின்றது என்க. பிரதான அளவிடையிலே 23 மில்லிமீற்றர், வேணியர் அளவிடையின் 10 பிரிவுகளுள் 4-ஆவது பிரிவு பொருந்துகின்றது, இழிவெண்ணிக்கை 0.1 மில்லிமீற்றர். விடை 23.4 மில்லிமீற்றர். நான்கையும் முழு மில்லிமீற்றராகக் கூட்டியவன் 27 என்பான். இழிவெண்ணிக்கையை 0.01 என மயங்கியவன் 23.04 என்பான். மறுமுனையிலிருந்து எண்ணியவன் 23.6 என்பான். இம்மூன்றையும் விடைகளாக வைப்பின், மாணாக்கன் பிழைத்தானென்பது மட்டுமன்றி எவ்விடத்திற் பிழைத்தானென்பதும் ஆசிரியருக்குப் புலனாகும். மறுநாள் எதனைத் திரும்பக் கற்பிப்பதென்று வினாத்தாளே சொல்லிக்கொடுக்கும்.

இத்தகைய பிழைகள் ஆசிரியரின் மேசையில் இருந்து தோன்றுவன அல்ல. மாணாக்கரிடம் விடைகள் தராமல் வெறும் வினாவைக் கொடுத்து எழுதச் சொல்லி, அவர்கள் எழுதிய பிழைகளைத் திரட்டுதலே வழி. மூன்று நல்ல பிழைகள் கிடையாவிடின் என் செய்வது? இரண்டோடு நிற்கலாம். 2000 உவாற்று மின்கேத்தல் 230 வோல்ற்றிலே ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டத்தைப் பெறும். அதன் செருகிக்கு 3, 5, 13 அம்பியர் உருகிகளுள் எது ஏற்றது என்று கேட்பின் வினா முழுமையானதே. நான்காவதாக 100 அம்பியர் என்று சேர்ப்பின், அதனை எவருந் தெரியார். தாளிலே இடம் பிடிப்பதே அதன் பணி. மைக்கேல் றொட்றிக்கெஸ் என்னும் ஆய்வாளர் 80 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட கட்டுரையிலே, பெரும்பாலும் மூன்று விடைகளே போதுமானவை என்று முடிவு கூறினார். எண்ணிக்கை நிரப்ப எழுதிய விடையால் நீதி மிகுவதில்லை.

அங்ஙனமாயின் குருட்டு ஊகத்தாற் புள்ளி பெறுவாரே என்பர் சிலர். அதற்குக் கணக்குண்டு. நான்கு விடைகள் கொண்ட 10 வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையிடுபவன் 5 அல்லது அதற்கு மேல் பெறும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 8. அத்தகைய வினாக்கள் 40 ஆயின், 20 பெறும் வாய்ப்பு ஆயிரத்துக்கு ஒன்றினுங் குறைவு. எனவே குருட்டு ஊகத்தை வெல்லுவது வினாக்களின் தொகையே. அச்சந் தருவது குருட்டு ஊகமன்று. கண் திறந்த ஊகம். ஒவ்வொரு வினாவிலும் இரண்டு விடைகள் பார்த்த அளவிலே பொருந்தாதனவாயின், ஊகிப்பவன் 40-க்கு 20 பெறுதல் இயல்பாகிவிடும். முன்னர்க் கூறிய குற்றங்களைக் களைதலே இதற்குக் காப்பு.

பிழையான விடைக்குப் புள்ளி கழித்தல் மற்றொரு வழியென்பர். நான்கு விடை வினாவிலே பிழையொன்றுக்கு மூன்றிலொரு புள்ளி கழிப்பின், 10 சரியும் 30 பிழையுமாக ஊகித்தவனுக்கு எஞ்சுவது சுழியம். கணக்கு நேரியதே, ஆயின் மனித இயல்பு கணக்கிலே அடங்குவதன்று. துணிவுடையவன் அரைகுறை அறிவோடும் விடையிடுவான். அச்சமுடையவன் அறிந்ததையும் விட்டுச் செல்வான். திறனை அளக்க வந்த இடத்திலே துணிவை அளந்ததாக முடியும். அமெரிக்காவின் புகழ்பெற்ற கல்லூரி நுழைவுச் சோதனையாகிய ‘சாற்’ என்பதும் 2016-இல் இக்கழிவைக் கைவிட்டது.

விடைகளின் வரிசையும் ஒருவாறு சாட்சி சொல்லும். சரியான விடையை நடுவிலே ஒளித்து வைத்தல் வினாவாசிரியரின் இயல்பு. அதனை மாணாக்கரும் அறிவர். எண்களை ஏறுவரிசையிலும் சொற்களை அகரவரிசையிலும் அமைத்துவிடின் இக்குறை தானே நீங்கும். “மேற்கூறிய யாவும்” என்னும் விடையையுந் தவிர்த்தல் நன்று. மூன்றனுள் இரண்டு சரியென்று அறிந்தவன், மூன்றாவதை அறியாமலே முழுப்புள்ளி பெற்றுவிடுவான்.

இவையெல்லாம் வினாவின் உடலைப் பற்றியன. இனி அதன் உயிரைப் பற்றிக் கூறுவோம். தொழினுட்ப வினாக்கள் பலவும் பெயரையும் வரைவிலக்கணத்தையுங் கேட்பனவாகவே இருக்கின்றன. செங்கோண முக்கோணியின் தேற்றம் யார் பெயரால் வழங்குவது என்று கேட்பது எளிது. அதனினும் பயனுடைய வினா வேறொன்று. மேசன் ஒருவர் அத்திவாரத்தின் மூலையிலிருந்து ஒரு பக்கத்தில் 6 அடியும் மறு பக்கத்தில் 8 அடியும் குறித்துக்கொண்டு, குறிகளுக்கிடையே நூல் பிடிக்கின்றார். நூலின் நீளம் 10 அடி 3 அங்குலம். மூலை செங்கோணமா, செங்கோணத்தினுங் கூடியதா, குறைந்ததா? நூல் 10 அடி இருத்தல் வேண்டுமென்றும், மிகுந்திருப்பதால் மூலை விரிந்துள்ளதென்றும் உணர்பவனே விடை கூறுவான். தேற்றத்தின் பெயரை மறந்தவனும் வேலைத்தலத்திலே நின்றவனாயின் இதனைச் செய்வான். பெயரை மட்டும் மனனஞ் செய்தவன் தடுமாறுவான். இதுவே வினாவும் விடைகளும் கொண்டு வினைத்திறனை அணுகும் வழி.

உயிர்காக்கும் பழக்கங்களையும் இவ்வாறு வினவலாம். ஆளியை நிறுத்தியாயிற்று; சோதனைக் கருவி கம்பியிலே மின் இல்லையென்று காட்டுகின்றது; அடுத்துச் செய்யவேண்டியது யாது? வேலையைத் தொடங்குதல், புறங்கையாற் கம்பியைத் தொட்டுப் பார்த்தல், மின் உள்ளதென அறிந்த ஓரிடத்திலே அக்கருவியைச் சோதித்தல் என்பன விடைகள். கருவியே பழுதாயிருக்கலாம் என்று எண்ணுபவன் மூன்றாவதைத் தெரிவான். முதலிரண்டையுந் தெரிபவன் எவ்வகை இடருக்கு உள்ளாவான் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் எல்லையொன்றுண்டு, அதனை மறைத்தல் நேர்மையாகாது. இன்ன செய்வேன் என்று குறித்தல் வேறு, செய்தல் வேறு. ஜோர்ஜ் மில்லர் என்னும் மருத்துவக் கல்வியாளர் 1990-இலே அறிதல், எவ்வாறென அறிதல், செய்து காட்டல், தொழிலிலே செய்தல் என நான்கு படிகளைக் கூறினார். பல்தேர்வு வினா முதலிரண்டு படிகளையே எட்டும். ஈயப்பற்று ஒளிரும்படி பிடிப்பதையும், இழைப்புளியால் மரத்தை ஒரு மட்டமாக இழைப்பதையும் நான்கு விடைகளுள் அடக்கவியலாது. அவற்றைக் கண்ணாற் கண்டே புள்ளியிடல் வேண்டும். அங்கும் நீதி வேண்டுமாயின், பார்க்க வேண்டிய படிகளை முன்னரே நிரலாக எழுதிக்கொண்டு, இருவர் தனித்தனியே புள்ளியிட்டு ஒப்புநோக்குதல் முறை. 7 மட்டங்களைக் கொண்ட நம் நாட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சட்டகமும் செய்து காட்டும் திறனையே அடிப்படையாகக் கொண்டது. வினாத்தாளை அதன் இடத்திலும் பட்டறையை அதன் இடத்திலும் வைப்போமாயின் இரண்டும் ஒன்றற்கொன்று துணையாகும். பட்டறையை மூடிவிட்டு வினாத்தாளை மட்டும் நம்புவோமாயின், எத்துணை நல்ல வினாவும் நம்மைக் காப்பாற்றாது.

பரீட்சை முடிந்தபின்னும் வேலையொன்று எஞ்சியுள்ளது. மாணாக்கரை அளந்த வினாவை நாம் அளத்தல் வேண்டும். வகுப்பிலே 40 பேரெனின், மொத்தப் புள்ளியில் முன்னின்ற 11 பேரையும் பின்னின்ற 11 பேரையும் எடுத்துக்கொள்க. நூற்றுக்கு 27 என்னும் இவ்விகிதம் 1939-இல் வெளியான ஆய்வொன்றன் வழிவந்த வழக்கு. ஒரு வினாவுக்கு முன்னவருள் 9 பேரும் பின்னவருள் 4 பேரும் சரியான விடையிட்டிருப்பின், வேறுபாடு 5. அதனை 11-ஆல் வகுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 0.45. வினா நல்ல வினா. முன்னவருள் 3 பேரும் பின்னவருள் 7 பேரும் சரியாயின், வேறுபாடு எதிர்க்கணியமாகும். அவ்வினாவிலே விடைக்குறிப்பு பிழைத்திருக்கலாம். அன்றேல் அறிந்தவர்க்கு மட்டுமே தோன்றும் ஐயமொன்று அதனுள் இருக்கலாம். அதனை நீக்கிப் புள்ளியிடுதலே அறம். இக்கணக்கிற்குப் பெரும் பொறி எதுவும் வேண்டியதில்லை; தாளும் பென்சிலும் ஓர் அந்திப்பொழுதும் போதும்.

முடிவாக, இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களிலே பொறியியலாளர் உள்ளீர்கள், மின்வினைஞர் உள்ளீர்கள், கட்டட ஒப்பந்தகாரரும் ஓடாவியாரும் மோட்டர் திருத்துநரும் உள்ளீர்கள். கல்லூரிக்குக் கட்டடமும் கருவியும் ஈந்தோர் பலர். அவர்களை அன்னை என்றும் மறவாள். பொருள் வேண்டாத கொடையொன்றும் உண்டு. தவணைக்கொருமுறை ஒரு பிற்பகல் வந்து, நம் தொழினுட்ப ஆசிரியர்களோடு அமர்ந்து, வினாத்தாளுக்கு நீங்களே விடையெழுதிப் பாருங்கள். நீங்கள் தடுமாறும் வினாவை நாம் கழித்துவிடுவோம். உங்களிடம் புதிதாக வந்த பயிலுநர் எங்கே பிழைக்கின்றனர் என்று கூறுங்கள். அப்பிழைகளே நம் வினாக்களுக்கு நல்ல விடைகளாக அமையும். அமெரிக்கப் படையினர் அன்று கண்ட நெறியை நம் கல்லூரி மண்டபத்திலே நாமுங் கைக்கொள்ளலாம்.

மாணவச் செல்வங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. ஒரு வினாத்தாளிலே புள்ளி குறைந்ததனால் உங்கள் கைத்திறன் குறைந்துவிடாது. புள்ளி மிகுந்ததனால் அது மிகுந்துவிடாது. திறனை வளர்த்தல் உங்கள் கடன். அதனை உள்ளவாறு அளத்தல் எங்கள் கடன். இரு கடனும் வழுவாது நிறைவேற, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!